முகமது அலி குத்துவிட்ட மைதானம்

சென்னை சென்ட்ரலுக்கு அருகே, பெரியமேட்டில் இருக்கிறது நேரு ஸ்டேடியம். இப்போது அங்கே கால்பந்துப் போட்டிகள் நடக்கின்றன.

1980-ம் ஆண்டில் அங்கே மேடை ஏறியவர் யார் தெரியுமா?

முகமது அலி!

முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிசுடன் அவர் காட்சிச் சண்டை போட்டார். 1971-ல் அமெரிக்காவில் இதே எல்லிசை அலி நிஜமாகவே அடித்து வீழ்த்தியிருந்தார். சென்னையில் நடந்தது ரசிகர்களுக்காக. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அலியை வரவேற்றார்.

(1956-ல் வினு மன்காட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்ததும் இந்த மைதானத்தில்தான். அப்போது அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.)

அலிக்குக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. வடசென்னை மக்களுக்குக் குத்துச்சண்டை புதிது அல்லவே!

வாத்தியாரும் பரம்பரையும்

தெற்கே சிலம்பத்துக்கு வாத்தியார் இருப்பது போல, வடசென்னையில் குத்துச்சண்டைக்கு வாத்தியார் இருந்தார். வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததால் "ஆங்கிலக் குத்துச்சண்டை" என்றார்கள். ஒரு வாத்தியாரின் வழியில் வந்த சீடர்கள் எல்லோரும் ஒரு "பரம்பரை". ரத்த உறவு தேவையில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பல இருந்தன.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், கடலுக்குப் போய் வந்தவரும் மாலையில் கையுறை மாட்டினார்கள். நேரு ஸ்டேடியத்திலும், பக்கத்தில் உள்ள கண்ணப்பர் திடலிலும் போட்டிகள் நடந்தன. டிக்கெட் வாங்கித்தான் பார்க்கவேண்டும். அந்த டிக்கெட் பணத்தில்தான் வீரர்களுக்குக் கூலி.

ஏன் மறைந்தது?

பரம்பரைப் பெருமையே பகையாகவும் மாறியது. மேடையில் முடியவேண்டிய சண்டை வெளியிலும் தொடர்ந்தது. குத்துச்சண்டை என்றாலே "ரவுடித்தனம்" என்ற கெட்ட பெயர் வந்தது. குடும்பத்தோடு வந்து பார்க்கிறவர்கள் பின்வாங்கினால் டிக்கெட் எப்படி விற்கும்?

ஆனால் விளையாட்டு அழியவில்லை. தமிழக வீரர் தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். 1995-க்கான அர்ஜூனா விருதும் பெற்றார். பதக்கம் வாங்கினால் ரெயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்க வழி உண்டு. பதக்கம் கிடைக்காதவன் கதி? அன்று அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையாவது இருந்தது. நஷ்டம் அவனுக்குத்தான்.

பழைய ஸ்டேடியத்தை 1993-ல் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அலி நின்ற மேடைக்கு அடையாளம் இல்லை. 2021-ல் வெளியான "சார்பட்டா பரம்பரை" படத்தை எடுத்தபோது, அந்தக் காலத்துக் குத்துச்சண்டை அரங்கை "செட்" போட்டுத்தான் காட்டவேண்டியிருந்தது.