நிறுத்தும் கலைக்கு ஒரு தமிழ்நூல்

காரை ஓட்டக் கற்றோர் பலர். அதனை நிறுத்தும் கருவியின் இயல்பை அறிந்தோர் சிலரே. திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலை நாடிவரும் மக்கள் திரளினூடே கார் செலுத்துவோர்க்கு இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டா. பின்சக்கரத்து டிஸ்க் பிரேக்கின் பேட் தேய்ந்தவிடத்து, அதனைத் தம் மனையிலேயே மாற்றிக்கொள்ள முற்படுவார் உளர். அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயின் அதன் முறையைத் தெளிந்த தமிழில் எழுதிவைத்தல் தமிழ் பயில்வோர் கடன் என்பது எம் துணிபு.

முன்சக்கரத்திற்குரிய முறையே பின்சக்கரத்திற்கும் பொருந்தும் எனக் கொள்வது தவறு. முன்சக்கரத்துக் காலிப்பரில் பிஸ்டனை நேரே அழுத்தி உள்ளே தள்ளலாம். பின்சக்கரத்திலோ, பல கார்களில் கைப்பிரேக்கின் பொறியும் காலிப்பருக்குள்ளேயே அமைந்திருத்தலின், பிஸ்டனைத் தக்க கருவியால் திருகியே உட்செலுத்தல் வேண்டும். வலிந்து அழுத்தின் உட்பொறி சிதையும். கைப்பிரேக் மின்விசையால் இயங்குவதாயின், அதனை முதற்கண் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொணர்ந்த பின்னரே கைவைத்தல் தகும்.

ஜாக்கியை மட்டும் நம்பாது வண்டியை ஸ்டாண்டின்மேல் நிறுத்துக. பழைய பேட்டின் தூசியில் கல்நார் கலந்திருத்தல் கூடுமாதலின் அதனை ஊதற்க. பேட்டுகளை இருபுறச் சக்கரங்களிலும் ஒருங்கே மாற்றுக. யாவும் முடிந்தபின், வண்டியை நகர்த்துமுன், பிரேக் மிதி இறுகும்வரை பன்முறை மிதித்தல் வேண்டும். பிஸ்டன் பின்னே சென்றிருத்தலின் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே வெளி உண்டு. அஃது அடையுமுன் வண்டி நில்லாது. இவ்வொரு வரியை மறந்தவன் பிழையால் உயிர்துறப்பவர் தெருவிற் செல்லும் யாரோ ஒருவராதல் கூடும்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் மலிந்துள. தமிழ் மட்டும் வாசிக்கும் பட்டறைச் சிறுவனுக்கோ வாய்மொழியே நூல்; வாய்மொழியில் ஒரு வரி நழுவுதல் எளிது. பிரேக் தொழிலுக்குப் புகழ்பெற்ற பாடியும் அம்பத்தூரும் நம்மூர்க்கு அண்மையிலேயே உள்ளன. பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது 1962-ஆம் ஆண்டில். பொருள் இங்கே பிறக்க, அதனைக் கையாளும் அறிவு மட்டும் வேற்றுமொழியில் தங்குதல் முறையாமோ?

தமிழில் இதற்குச் சொல் உண்டோ என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். 1847-இல் யாழ்ப்பாணம் போந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றையே உரைக்க வல்ல மொழி ஒரு சக்கரத்தின் முன் நாவடங்குமோ? புதுச்சொல் படைக்கும் ஆர்வத்தால் பட்டறையார் அறியாத சொற்களைப் பெய்தலும் வேண்டா. பேட், காலிப்பர், பிஸ்டன் என அவர் வழங்குவன அவ்வாறே நிற்க. திருகு, தாங்கு, துடை, மிதி என்னும் ஏவல்கள் நம்மிடம் குறைவற உள.

இத்தொழிலை வல்லாரிடமே விடுதல் நன்றென்பாரும் உளர். நன்னூல் எங்கே நிறுத்தி வல்லாரை நாடவேண்டும் என்பதையும் கூறும். வண்டியைப் பட்டறைக்கு விடுப்பவரும் தக்கதைக் கேட்டறிய அது துணைபுரியும்.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ் மாணவர் ஒரு விடுமுறையில் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் அருகிருந்து, அவர் செய்வதைக் கண்டும் கேட்டும், பத்துப் பக்கத்தில் இந்நூலை எழுதுவாராக. அதன் பயன் ஏட்டளவில் நில்லாது தெருவிற் செல்வோர் உயிரைக் காக்கும்.