விரிவானத்தில் ஜீனோவுக்கு ஓர் இடம்

பிச்சாட்டூர் அணையில் மதகைத் தூக்கினால் ஆரணியாற்றங்கரை மக்கள் மேட்டைத் தேடிப் போக வேண்டும். அணை ஆந்திரத்தில், வெள்ளம் இங்கே. (பட்டுக்குப் பெயர்போன ஆரணி வேறு, நாம் பொன்னேரிப் பக்கத்து ஆரணி.) எங்கோ எடுக்கும் முடிவு தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதைப் பேசவும் கேள்வி கேட்கவும் வகுப்பறையில் அவனுக்கு ஒரு கதை வேண்டும்.

அப்படியொரு கதை தமிழிலேயே இருக்கிறது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பெயர் என்றால் இரண்டெழுத்துதான். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். கணவனைக் காணாமல் தேடி அலைகிறாள் நிலா. அவளோடு சேரும் இயந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கிறது, சொந்தமாக யோசிக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை கீழே வைக்காமல் படிக்கும். கதை நடப்பதாக எழுதப்பட்ட காலத்தை நாம் கடந்தும் வந்துவிட்டோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் செயற்கை நுண்ணறிவு ஒரு பாடம். அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான நாவலை நாம் அறியோம்.

‘வளரும் பிள்ளைகளுக்கு இருண்ட கதை எதற்கு?’ என்று நல்ல ஆசிரியர்களே கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் அதைக் குவளையால் மொண்டு அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் ஓடினார்கள். ஆரணியிலிருந்து எண்ணூர் தொலைதூரம் இல்லை. இருட்டைப் புத்தகம் கொண்டுவரவில்லை. பார்த்ததைச் சொல்ல வார்த்தை கொடுப்பதுதான் புத்தகத்தின் வேலை.

இன்னொரு இருண்ட கதையைப் பாருங்கள். சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வந்தது. நிலக்கரிக்கு ஒரு மாவட்டம், மீனுக்கு ஒரு மாவட்டம் என்று நாட்டையே தலைநகரத்துக்காகப் பங்கு போட்ட கதை. அனல்மின் நிலையத்தையும் சிப்காட்டையும் துறைமுகத்தையும் சுற்றி வாழும் பிள்ளைக்கு இதில் விளக்கவுரை தேவைப்படாது. அக்கதையின் மூவிரல் வணக்கத்தைத் தாய்லாந்து இளைஞர்கள் 2014இல் ராணுவ ஆட்சிக்கு எதிராக உயர்த்திக் காட்டினார்கள்.

இருட்டைக் கண்டல்ல, நாம் அஞ்சுவது தேர்வைக் கண்டுதான். விரிவானம் என்னும் துணைப்பாடப் பகுதியில் நல்ல கதைகள் இல்லாமல் இல்லை, ப. சிங்காரமும் கி.ரா.வும் இருக்கிறார்கள். ஆனால் ‘கதையைச் சுருக்கி எழுதுக’ என்றதும் பிள்ளை நோட்ஸைப் பிரித்து மனப்பாடம் செய்கிறது. ஜீனோவுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. இந்த நாவலுக்கு மதிப்பெண்ணே வேண்டாம்.

மதிப்பெண் இல்லாமல் எப்படி நடத்துவது? இரண்டெழுத்துப் பெயர் விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை வெட்டிக் கரும்பலகையில் எழுதட்டும். கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளையும் எழுதட்டும். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் எப்படி மாறிப்போனது என்று சொல்லட்டும். பிறகு ஆசிரியர் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: இந்த விதியை யார் போட்டார்கள்? யாரைக் கேட்டுப் போட்டார்கள்? பேச்சு ஊருக்குள் வரும், ஆற்றுக்கு வரும், அப்பாவின் ஷிப்டுக்கு வரும். அப்போது ‘பாடத்துக்கு வா’ என்று அதட்டாமல் இருப்பதுதான் ஆசிரியரின் பங்கு.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளையை ஆசிரியர்கள் இதற்குக் கொடுக்கலாம். ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வாசகர்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு இந்த நாவலில் ஒரு பிரதி வாங்கிக் கொடுங்கள். படித்துவிட்டு மாணவர்கள் எழுதுவதை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.