கத்தரிக்கோலுக்குத் தப்பிய கதை!

நாவல் எழுத என்ன வேண்டும்? நல்ல மேசை வேண்டும், நாலு காசு கையில் வேண்டும், நாள் முழுதும் ஓய்வு வேண்டும் என்பார்கள் நாசூக்குக்காரர்கள். சுவருக்கு வண்ணம் பூசிப் பிழைத்த ஒரு தொழிலாளியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பகலெல்லாம் தூரிகை பிடித்துக் காய்ப்பேறிய கை இருந்தது. இரவிலே ஒரு விளக்கு இருந்தது. நெஞ்சிலே நெருப்பு இருந்தது. எழுதினார்!

அவர் பெயர் ராபர்ட் நூனன். டப்ளினிலே பிறந்தவர், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரிலே வீடுகளுக்கு வண்ணம் பூசியும் பெயர்ப்பலகை எழுதியும் பிழைத்தவர். 'டிரெஸ்ஸல்' என்பது அவர் சூடிய புனைபெயர். வண்ணம் பூசுவோரின் பலகையைத் தாங்கும் மரக்காலின் பெயர் அது. தொழிற்கருவியே அவருக்குப் பட்டப்பெயர்!

1910-ல் எழுதி முடித்தார். கையெழுத்துப் படி 1,600 பக்கங்களுக்கு மேல். நாவலின் பெயரைத் தமிழிலே 'கந்தல் கால்சட்டை வள்ளல்கள்' எனலாம். யார் அந்த வள்ளல்கள்? உழைப்பையெல்லாம் முதலாளிக்கு வாரி வழங்கிவிட்டு, கிழிந்த உடையுடன் வீடு திரும்பும் தொழிலாளர்களே!

எழுத்துத் திறம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் இந்த நாவலைப் பார்க்கட்டும். சுரண்டலை விளக்க அவர் தடித்த தத்துவ நூலைத் தூக்கி வரவில்லை. சாப்பாட்டு வேளையிலே சில ரொட்டித் துண்டுகள், சில கத்திகள், சில செப்புக் காசுகள். இவ்வளவே! உழைத்தவன் எப்படி வெறுங்கையோடு நிற்கிறான் என்பதை உடன் உழைப்பவர்களுக்கே ஆடிக் காட்டுகிறான் கதைத் தலைவன் ஓவன். தொழிலாளிக்கு அவர் துதி பாடவுமில்லை. தமக்காகப் பேசும் ஓவனையே கேலி செய்து சிரிக்கிறார்கள் தொழிலாளர்கள். கசக்கிறது. ஆனால், உண்மை!

எழுதியது பாதி வேலை. அச்சேற்றுவது மீதி வேலை. மூன்று பதிப்பகங்கள் மறுத்தன. தட்டச்சு செய்யாத படி என்பதும் தடையாயிற்று. கூலிக்காரன் தட்டச்சுக்கு எங்கே போவான்? மனம் உடைந்தவர் கையெழுத்துப் படியைத் தீயிலிடத் துணிந்தார். தடுத்துக் காத்தவர் மகள் கேத்லீன். பெட்டியிலே வைத்து, கட்டிலுக்கு அடியிலே பாதுகாத்தார்.

1911-ல் லிவர்பூலிலே நூனன் மாண்டார். வயது 40. வேறு 12 ஏழைகளோடு ஒரே குழியிலே புதைத்தார்கள். தம் நாவலை அச்சிலே அவர் காணவே இல்லை.

1914-ல் வந்தது புத்தகம். மகளுக்குக் கிடைத்த தொகை 25 பவுன். உரிமை முழுதும் பதிப்பாளருக்கு. அதற்குமுன் புகுந்தது கத்தரிக்கோல்! சமதர்மம் பேசிய பக்கங்கள் பல போயின. நம்பிக்கையோடு முடிந்த கதை, ஓவன் சாவை எண்ணிக் கலங்கும் இடத்திலே நிறுத்தப்பட்டது. 1918-ல் வந்த மலிவுப் பதிப்பிலே இன்னும் வெட்டு. எழுதியவன் போராடச் சொன்னான். வெட்டியவர்கள் அழச் சொன்னார்கள்!

ஆயினும் அந்தக் குறைநூலைக் கைக்குக் கை மாற்றி வாழவைத்தார்கள் தொழிலாளர்கள். ஹேஸ்டிங்ஸ்காரரான பிரெட் பால் மூலப்படியைத் தேடி மீட்டார். 1955-ல் முழு நாவலும் வெளிவந்தது. எழுதி முடித்து 45 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்று கைபேசியிலேயே நாவல் எழுதலாம். கொஞ்சம் படிகளும் அச்சிடலாம். ஆனால், எது அச்சேறும், எது வெட்டுப்படும் என்று தீர்ப்பளிக்கும் கை யாருடையது? அந்தக் கேள்வி மாறவில்லை.

முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வளர்ந்தது நமது இயக்கம். தொழிலாளியின் எழுத்துக்குத் துணை யார் என்று நாம் பிறர் முகத்தைப் பார்க்கலாமா? ஆலையிலே, பணிமனையிலே, கட்டடச் சாரத்திலே உழைக்கும் தோழர் ஒருவர் எழுதி வைத்திருக்கக்கூடும். கேளுங்கள். சங்கக் கூட்டத்திலே படிக்கச் சொல்லுங்கள். குறையிருந்தால் முகத்துக்கு நேரே கூறுங்கள். அச்சுக்கூலிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள்.

கேத்லீன் பெட்டியிலே காத்தார். நம் ஊர்ப் பெட்டிகளிலும் நாவல்கள் உறங்கக்கூடும். திறப்போம், தோழர்களே! முழுதாக அச்சேற்றுவோம்!