கடலற்ற நாட்டின் அக்ரூட்டும் அக்கராயன் நெல்லும்

கடற்கரை இல்லாத வளர்முக நாடுகள் உலகில் 32 இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டுள்ளது. இந்நாடுகளின் இடர்களை ஆராய 2025 ஆகஸ்டில் துர்க்மெனிஸ்தானின் அவாசா நகரில் உலக மாநாடு ஒன்றும் நடைபெற்றது. கடலற்ற நாடுகளுக்கு அயல்நாட்டின் ஊடாகக் கடலை அடையும் உரிமை உண்டு என 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சாசனம் கூறுகின்றது. ஆயினும் எல்லை வாயிலை மூடுபவர் சாசனத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடுவதில்லை.

இந்த நாடுகளுள் ஒன்று கிர்கிஸ்தான். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலைநாடு அது. அதன் தெற்கே ஜலாலாபாத் மாகாணத்தில் உள்ள அர்ஸ்லான்பொப் காடு, உலகின் மிகப் பெரிய இயற்கை அக்ரூட் காடாகக் கருதப்படுகின்றது. எமது கடைகளில் வால்நட் என்று விற்கப்படும் கொட்டையே அக்ரூட். காடு அரசுக்குரியது, குடும்பங்கள் அதில் துண்டு துண்டாகக் குத்தகை பெறுகின்றன. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் குடும்பம் குடும்பமாகக் காட்டில் தங்கிக் கொட்டை பொறுக்குவர். பச்சைத் தோலை நீக்கி உலர்த்திய பின்னர், குளிர்காலத்தில் வீட்டிலிருந்தே உடைத்துப் பருப்பெடுப்பர். உடையாத, வெளிர்நிறப் பருப்புக்கு விலை அதிகம். நொறுங்கியதற்கும் கறுத்ததற்கும் குறைவு.

இத்தொழிலின் வலிமை எங்குள்ளது? உலர்த்துவதில் உள்ளது. ஓட்டோடு கூடிய அக்ரூட்டின் எடையில் ஏறக்குறைய பாதியே பருப்பு. எனவே உடைத்து அனுப்புபவர் வண்டிக்கூலியில் பாதியை மிச்சப்படுத்துகின்றார். அதனிலும் முக்கியமானது, உலர்ந்த பொருள் காத்திருக்கும் என்பதாகும். 2025 செப்டெம்பரில் மண்சரிவால் ஸ்ரீநகர் - ஜம்மு நெடுஞ்சாலை தடைப்பட்டபோது காஷ்மீரின் ஆப்பிள்கள் லொறிகளிலேயே அழுகின. ஒக்டோபரில் எல்லை மோதலையடுத்து டோர்க்கம், சமன் வாயில்களைப் பாகிஸ்தான் மூடியபோது ஆப்கானிஸ்தானின் பழ வியாபாரிகளும் அவ்வாறே தவித்தனர். உலர்ந்த அக்ரூட்டுக்கு அந்த அவசரம் இல்லை. பாதை திறக்கும்வரை அது மூட்டையில் கிடக்கும்.

ஆனால், பொருள் காத்திருந்தாலும் அதன் உரிமையாளர் காத்திருக்க முடியவேண்டும். குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து உடைத்து விற்கக்கூடிய குடும்பமும், பணமுடையால் காட்டு வாசலிலேயே விற்றுவிடும் குடும்பமும் ஒரே விலையைப் பெறுவதில்லை.

வன்னி மக்களுக்கு இந்நிலை விளங்காத ஒன்றன்று. கிழக்கே முல்லைத்தீவுக் கடலும் மேற்கே பூநகரிக் கடலும் இருந்தும், இந்நிலம் நெடுங்காலம் கடலற்ற நாடாகவே இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் உரமும் சீமெந்தும் தடைசெய்யப்பட்டன. 2002இல் திறக்கப்பட்ட ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. பாதையே விலையைத் தீர்மானிக்கும் என்பதை அக்கராயன் கமக்காரர் அனுபவத்தில் கற்றவர்கள்.

இன்று பாதை திறந்திருக்கின்றது. அப்படியிருந்தும் அக்கராயன் குளத்தின் கீழ் விளையும் நெல்லுக்கு உரிய விலை கிடைக்கின்றதா என்பதே எமது கேள்வி. முன்னர் வெட்டிச் சூடடித்து, காயவைத்துத் தூற்றி, மூட்டையாக வீட்டில் அடுக்கிவைத்து, தேவைக்கேற்ப விற்கும் வழக்கம் இருந்தது. இப்போது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய அன்றே, ஈரம் காயாத நெல் வரம்போரத்திலேயே வியாபாரியின் லொறியில் ஏறுகின்றது. காயவைக்க இடமில்லை, ஆட்கூலியும் அதிகம், விதைப்புக்கும் உரத்துக்கும் பட்ட கடன் காத்திருக்க விடுவதில்லை.

நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனுள்ள நெல்லையே உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்கின்றது. 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும் சம்பாவுக்கு 125 ரூபாவும் கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. அறுவடை பல இடங்களில் தொடங்கிய பின்னரே அந்த அறிவிப்பு வந்தது. காயவைக்க வசதியற்றவருக்கு அவ்விலை பத்திரிகையில் வாசிப்பதற்கான விலை மட்டுமே. பலர் வீதியோரத்தில் நெல்லைப் பரப்புகின்றனர். அது விபத்துக்கு வழிவகுக்கும். ஒரு மழை வந்தால் பயிரின் பயனும் போய்விடும்.

கச்சானுக்கும் இது பொருந்தும். சரியாக உலராத கச்சானில் பூஞ்சணம் பற்றி, ஈரலைத் தாக்கும் அஃப்ளாடொக்சின் நஞ்சு உண்டாகும். உலர்த்துதல் விலைக்கு மட்டுமன்றி, உண்பவரின் உயிருக்கும் உரிய விடயமாகும்.

வியாபாரி அனைவரையும் பழிப்பது எமது நோக்கமன்று. கிராமத்துக்கு வந்து பொருளை வாங்கிச் செல்பவர் இல்லையேல் விளைச்சல் விற்கப்படாது. வடக்கின் விளைபொருள் வணிகத்தில் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் தமிழ் விவசாயிகளுக்கும் இடையே இருந்த நம்பிக்கையுறவு, 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதோடு அறுபட்டது. அந்த இழப்பு இருதரப்புக்கும் உரியது. சந்தை நிலவரம் அறியாது வருகின்ற வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள் என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். விற்பவர் விலையை அறியவும் சற்றுப் பொறுத்திருக்கவும் வாய்ப்பிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள் எனலாம். வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் இதே நீதியை நோக்கியே.

ஆகவே வேண்டப்படுவன அரிய காரியங்கள் அல்ல. கமக்காரர் அமைப்புகள் ஊடாகக் கிராமந்தோறும் போதிய உலர்தளங்களும், மழைநாளுக்கு உலர்த்தும் இயந்திரங்களும் அமைக்கப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் களஞ்சியங்கள் அறுவடைக்கு முன்னரே திறக்கப்பட வேண்டும். களஞ்சியத்தில் உள்ள நெல்லை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் முறை இந்நாட்டு வங்கிகளுக்குப் புதியதன்று. அது சிறு கமக்காரரையும் எட்ட வேண்டும். உத்தரவாத விலை அரிவாள் வெட்டுக்கு முன்னர் அறிவிக்கப்பட வேண்டும்.

மலைகளுக்கு நடுவே அடைபட்ட நாட்டுக்காரரின் பிடி, கொட்டையை உலர்த்திக் காத்திருக்கும் ஆற்றலிலேயே இருக்கின்றது. பாதை திறந்துள்ள எமது மண்ணில் அந்த ஆற்றலைக் கமக்காரர் இழந்துவருகின்றனர் என்றால், அதனை மீட்டுக்கொடுக்கும் பொறுப்பிலிருந்து மாவட்ட நிர்வாகமும் மக்கள் பிரதிநிதிகளும் விலகி நிற்க முடியாது. அடுத்த காலபோக அறுவடைக்கு முன்னர் அவர்கள் இதற்குப் பதில் கூற வேண்டும்.