இல்லாமையால் வரும் வியாதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்களிடையே, கால்கள் மரத்து, நடை தளர்ந்து, முடிவில் இருதயமும் வீங்கி உயிர் பிரியும் பெரிபெரி என்னும் வியாதி பரவியபோது, தீட்டிய பச்சரிசி உண்ட சீனர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோன அது, புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழர்களை அநேகமாகத் தீண்டாமலே விட்டது. நெல்லை அவிக்கையில் தவிட்டின் பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் இவ்வேற்றுமையைக் கண்டு 1907-இல் நூல் எழுதிய டாக்டர் பிராடன்கூட அரிசியில் ஏதோ விஷம் சேர்ந்திருப்பதாகவே நம்பினார். ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்து, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஐக்மனும் நெடுநாள் அவ்வாறே எண்ணினார். வெளியிலிருந்து புகுந்த ஒன்றே நோய் தரும் என்று பழகிய மனத்துக்கு, சரீரத்தில் இல்லாத ஒன்றாலும் நரம்பு நசியும் என்பது எளிதில் புலப்படவில்லை.

இன்றும் அது புலப்பட்டபாடில்லை. சர்க்கரை வியாதிக்காகப் பல்லாண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொண்ட ஒருவர், உள்ளங்கால் எரிகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று சொன்னால், வீட்டார் வயதைக் காரணம் காட்டுகிறார்கள். வைத்தியரும் பல வேளை சர்க்கரையின்மீது பழியைப் போட்டு முடித்துவிடுகிறார். சர்க்கரை நரம்பைக் கெடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் அம்மாத்திரையே, நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமினைக் குடல் ஏற்பதைக் குறைக்கக்கூடும் என்பதும் மெய். மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றிலன்றித் தாவர ஆகாரத்தில் அச்சத்து இயல்பாகக் கிடைப்பதில்லையாதலால், சைவ உணவினருக்கு அபாயம் மேலும் மிகுதி. கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் தொடக்கத்தில் குறியேதும் தோன்றாது. இக்குறைவால் வரும் சோகைக்கென்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தாலோ, ரத்தம் தேறிவிட, நரம்பு உள்ளுக்குள் சிதைந்துகொண்டே போகும். இதனினும் வஞ்சகமான நிலையை நான் அறியேன்.

மெட்ஃபார்மின் உண்பவரிடம் இக்குறிகள் கண்டால் பி12 அளவைச் சோதிக்குமாறு பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2022-இல் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் நம் ஊழியர்கள், பாதம் மரக்கிறதா, எரிகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவும், ஆம் என்பவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவும் அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். குறைவு தெரிந்தால் அதைத் தீர்க்கும் ஊசி சொற்ப விலையே. மாதக்கணக்கில் தாமதித்த பின்னரோ, அதே ஊசியைப் போட்டாலும் இழந்த உணர்ச்சி முழுதும் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.