முகாமைத்துவப் படிப்புக்குக் காலம் எது?

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முதலில் தன் வலிமையை அறிக, பின்னர்க் காலத்தை அறிக, அதன் பின்னரே இடத்தைத் தெரிக என்பது அவ்வைப்பு முறையால் நாம் பெறும் பாடம். வணிக நிர்வாக முதுமாணி என்னும் எம்.பி.ஏ. படிப்பை நாடும் எம் இளைஞர் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். எந்தக் கலாசாலை பெயர் பெற்றது என்பதை முதலில் விசாரிக்கின்றனர். அடுத்து விண்ணப்ப முடிவு நாளைப் பார்க்கின்றனர். தம்மிடம் யாது உண்டு என்பதை இறுதியிலேயே எண்ணுகின்றனர்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழகம், பட்டம் கிடைத்ததும் மேற்பட்டம் என ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும் என்பது எமது சமூகத்தில் ஊறிய எண்ணம். உத்தியோகத்திற் புகுந்தவன் மீண்டும் புத்தகத்தைத் தொடமாட்டான் என அஞ்சும் பெற்றோரும் பலர். கணிதம், விஞ்ஞானம் முதலிய துறைகளுக்கு இவ்வெண்ணம் பொருந்தலாம். முகாமைத்துவத்துக்குப் பொருந்தாது என்பது எமது துணிபு.

1908 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹாவாட் வணிகக் கலாசாலை வளர்த்த கற்பித்தல் முறையை நோக்குக. ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் நேர்ந்த சிக்கல் அங்கே மாணவர் கையில் எழுத்தில் தரப்படும். நீ அதன் தலைவனாயின் யாது செய்வாய் என்பதே வினா. விடை மாணவரின் வாதப் பிரதிவாதத்திலே பிறக்கும். தொழிலாளரோடு பேசி இணக்கங் கண்டவனும், கடனை அறவிட அலைந்தவனும், சரக்குத் தேங்கிக் கலங்கியவனும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர். பட்டத்தை மட்டும் கொண்டு அங்கே புகுந்தவன் பந்தியில் உண்ண மட்டுமே வந்தவனாவான். பரிமாற அவனிடம் ஒன்றுமில்லை. அமெரிக்க, ஐரோப்பிய முதன்மைக் கலாசாலைகளிற் பயில்வோர் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுத் தொழில் அனுபவம் உடையோராயிருப்பது இதனாலேயே. இறுதியாண்டு மாணவரையும் விண்ணப்பிக்க விடும் ஹாவாட் திட்டங்கூட, தெரிவானோர் இரண்டாண்டாவது வேலை செய்த பின்னரே வகுப்புக்கு வரலாம் என விதிக்கின்றது.

இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளையும் சேர்க்கின்றனவே எனச் சிலர் வினவுவர். உண்மையே. 1961 இல் தோன்றிய அகமதாபாத் நிறுவனத்தின் இரண்டாண்டுப் படிப்பு அத்தகையது. ஆயினும், அனுபவசாலிகளுக்கென ஓராண்டுப் படிப்பொன்றை அந்நிறுவனமே வேறாக நடத்துகின்றது. இருசாராரின் தேவையும் ஒன்றல்ல என்பதை அதுவே ஒப்புக்கொள்கின்றது அன்றோ?

செலவையும் எண்ணுதல் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. ரூபாவிற் சேமித்து டொலரிற் செலவிட எண்ணியோரின் கணக்கு மூன்று மாதத்திற் குலைந்தது. காணியை ஈடு வைத்தோ, சகோதரியின் திருமணத்துக்கென வைத்த பணத்தை எடுத்தோ பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு இரண்டாம் முயற்சி என்பது இல்லை. பணங்கிடைத்த நாளை விண்ணப்பிக்கும் நாளாகக் கொள்ளுதல் தகாது.

எனினும், காத்திருத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. பதவியும் குடும்பப் பொறுப்பும் கூடக்கூட, வேலையை இரண்டாண்டு துறத்தல் அரிதாகும். நாம் கூறும் அளவுகோல் இது: பிறர் வேலைக்கு நீர் பொறுப்பேற்றிருக்கின்றீரா? நீர் எடுத்த முடிவொன்றின் விளைவை இருந்து கண்டீரா? உமது அனுபவமும் மேலதிகாரியின் அறிவுரையும் தீர்க்கவியலாத கேள்வி ஏதேனும் எழுந்துள்ளதா? மூன்றுக்கும் ஆம் என்பீராயின், வயது இருபத்தாறாயினும் முப்பதாயினும் அதுவே காலம். வேலையை நெடுநாள் துறக்க இயலாதோருக்கும் வழியுண்டு. பிரான்சிலும் சிங்கப்பூரிலும் கற்பிக்கும் இன்சியாட் கலாசாலையின் படிப்பு பத்து மாதத்தில் முடிகின்றது. கொழும்பில் 1986 இல் அமைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனமோ உத்தியோகத்தில் இருந்தபடியே பயில இடமளிக்கின்றது.

காலம் கனிந்தது எனக் கண்டவர், சேர விரும்பும் நாளுக்கு ஒன்றரை ஆண்டு முன்னரே ஆயத்தமாதல் நன்று. ஜிமற் பரீட்சைப் பெறுபேறு ஐந்தாண்டு செல்லுபடியாகும். படிக்கும் பழக்கம் மறையுமுன் அதனை எழுதி வைக்கலாம். மேல்நாட்டுக் கலாசாலைகள் பலவற்றின் முதற்சுற்று செப்டெம்பரை அண்டியும், இரண்டாஞ்சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடிவுறும். முதற்சுற்றுக்கென அரைகுறையாய் எழுதி அனுப்புவதினும் இரண்டாஞ்சுற்றுக்கு நிறைவாய் எழுதுதல் மேல். பரிந்துரைக் கடிதம் தரவேண்டியவர், உமது வேலையை நேரிற் கண்ட மேலதிகாரி. அவர் எழுதுவதற்கு ஏதேனும் செய்து காட்டியிருத்தல் வேண்டும்.

பழைய மாணவர்க்கும் ஒரு வார்த்தை. வங்கிகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் உயர்பதவி வகிப்போர் எம்மிடையே உளர். புதிய பட்டதாரி ஒருவர் எந்தக் கலாசாலை நல்லது என்று வினவி வரும்போது, பட்டியல் கொடுத்து அனுப்பிவிடாது, பொறுப்புள்ள வேலையொன்றிற் சேர வழிகாட்டுவோமாக. மூன்றாண்டு கழித்து அவ்வினாவுக்கு அவரே விடை காண்பார். இவ்விழா ஆண்டிலே இளையோர்க்கு நாம் செய்யத்தக்க உதவி இதனினும் பெரிதில்லை.