பற்றவைக்கத் துணை உண்டு, விடுவதற்கு?

இந்த வாரம் சிகரெட் பிடிக்கிறவர்களைத் திட்டப் போவதில்லை. அதற்கு ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மனைவி, மகள், டாக்டர், தியேட்டரில் படம் தொடங்குமுன் வரும் கரகரத்த குரல், பெட்டி மேல் அச்சடித்த அழுகிய தொண்டைப் படம்... எல்லாரும் திட்டி முடித்தாகிவிட்டது. நான் திட்டப் போவது மற்றவர்களை. அதாவது, சிகரெட்டை விட்டவன் பக்கத்தில் நின்றுகொண்டு "ஒண்ணே ஒண்ணுதானே மச்சான், அடி" என்று நீட்டுகிறவர்களை. நீட்டாவிட்டாலும், அவன் தடுமாறும்போது "எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரிக்கிறவர்களை. நீங்கள் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம். ஆனால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் பதினெட்டு வருஷம் சிகரெட் பிடித்தவன். முதல் சிகரெட்டை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. காலேஜ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு சீனியர் கொடுத்தார். இருமியபோது முதுகைத் தட்டிக் கொடுத்து, எப்படி உள்ளே இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். கணக்கு வாத்தியார்கூட எனக்கு அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதற்கப்புறம் துணைக்குப் பஞ்சமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் வந்து பேசிய முதல் ஆள் கேட்ட கேள்வி, "தம் அடிப்பீங்களா?" தீப்பெட்டி இல்லையென்றால் முன்பின் தெரியாதவன் தன் சிகரெட் நுனியை நீட்டுவான். காசில்லையென்றால் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்வார். பெட்டிக்கடை ஓரத்தில் புகைந்துகொண்டே ஒரு கயிறு தொங்குமே, மேனேஜரும் மூட்டை தூக்குபவரும் ஒரே கயிற்றில்தான் நெருப்பு எடுத்தார்கள். சமத்துவபுரம் வருவதற்கு முன்பே அங்கே சமத்துவம் வந்துவிட்டது.

சரி, விடும்போது? ஒரு ஆள் கிடையாது.

டாக்டர் பேப்பரிலிருந்து நிமிராமலே "ஸ்மோக்கிங்கை விட்டுடுங்க" என்றார். எப்படி என்று கேட்டேன். "எல்லாம் வில் பவர்தான்" என்றார். பிரஷருக்கு மாத்திரை எழுதுகிறார், சுகருக்கு எழுதுகிறார், வாயுத் தொல்லைக்குக்கூட எழுதுகிறார். இதற்கு மட்டும் வில் பவர். அது எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்?

வில் பவர் என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயற்சி செய்கிறவர்களில், ஆறு மாதம் ஒரு வருஷம் தாண்டியும் விட்டபடியே இருப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர். மீதி 95 பேரும் மன உறுதி இல்லாத கோழைகளா? அதே 95 பேர்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறார்கள், இருபது வருஷம் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நடப்பது வேறு. இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10, 20 விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறையக் குறைய ஒரு படபடப்பு, எரிச்சல், எதிலும் மனசு ஒட்டாத நிலை. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் டென்ஷன். அடுத்த சிகரெட் பற்றவைத்ததும் அது அடங்குகிறது. "பார்த்தியா, சிகரெட் டென்ஷனைக் குறைக்குது" என்கிறோம். கந்துவட்டிக்காரன் தன் வட்டியைக் கட்டுவதற்குத் தானே புதுக் கடன் கொடுப்பான், வாங்கியவன் அவனைத் தெய்வம் என்பான். அதே கதை. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்கு மனப் பதற்றமும் சோர்வும் டென்ஷனும், விடாமல் தொடர்ந்தவர்களைவிடக் குறைந்திருந்தன என்றது அது.

ஆனால் அது பின்னால். முதல் மூணு நாலு வாரம் நரகம். இதை மறைத்து, விட்ட மறுநாளே பறக்கலாம் என்கிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

முதல் தடவை விட்டபோது நான் பதினாலு மாதம் தாக்குப் பிடித்தேன். பதினைந்தாவது மாதம் அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். ராத்திரி இரண்டு மணி. ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடை. கூட வந்திருந்த நண்பன் டீயோடு சிகரெட்டையும் சேர்த்து நீட்டினான். "அப்பா இப்படிக் கிடக்கும்போது நீ ஏன்டா உன்னையும் வதைச்சுக்கிற? ஒண்ணு அடி, மனசு லேசாகும்." எனக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன். பாசத்தில்தான் கொடுத்தான். அதுதான் ஆபத்து. எதிரி நீட்டினால் வாங்குவோமா? மூணாவது நாள் முழுப் பெட்டி வாங்கினேன். வீட்டில், ஆபீஸில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அவ்வளவுதானா?" அந்த வெட்கத்தில் இன்னும் இரண்டு வருஷம் பிடித்தேன்.

அந்த நண்பனை ரொம்ப நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நானே அந்த நண்பனாக ஆகப் பார்த்தேன்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷம் பிடித்துவிட்டு ஒரேயடியாக விட்டார். ஐந்தாவது மாதம் நெஞ்சுவலி. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்ததோடு நிற்கவில்லை. "நாப்பது வருஷம் புடிச்சீங்க, ஒண்ணும் ஆகலை. விட்டீங்க, உடனே வந்துடுச்சு பாருங்க." ஒருத்தர் இல்லை, நாலைந்து பேர்.

நாற்பது வருஷம் சேர்ந்த அடைப்பை ஐந்து மாதத்தில் யார் எடுத்துப் போவது? சிகரெட்டால் கூடிய மாரடைப்பு அபாயம், விட்டு ஒரு வருஷம் ஆகும்போது சுமார் பாதியாகிறது. அவர் பாதி வழிகூட நடக்கவில்லை. இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும். விட்ட முதல் வாரங்களில் இருமலும் சளியும் சிலருக்கு அதிகமாகும். புகையில் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழல் மயிரிழைகள் மறுபடி வேலை செய்து அழுக்கை வெளியே தள்ளுவதால் வருவது அது. வாய்ப்புண் வரும், மலச்சிக்கல் வரும், முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. வந்ததும் "உனக்கு ஒத்துக்கலை, பழையபடி பிடி" என்று சொல்ல மட்டும் ஊரே வருகிறது. (நெஞ்சுவலி வந்தால், விட்டதன் விளைவு என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர் போனதால்தான் பிழைத்தார்.)

டிஸ்சார்ஜ் ஆகி நாலைந்து நாளிருக்கும். சாயங்காலம் மெதுவாகப் படியிறங்கி வந்தார். மணிக்கட்டில் ஊசி ஏற்றிய இடம் இன்னும் கறுத்திருந்தது. நான் கேட்டருகே நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணு இருக்குமா தம்பி? இனிமே என்ன, வர்றது வந்துடுச்சு" என்றார். சொன்னால் நம்புவீர்களா, என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. பெரியவர், பாவம், கேட்கிறார். இல்லையென்று எப்படிச் சொல்வது? பெட்டி பாதி வெளியே வந்தபிறகுதான் அந்த டீக்கடை ஞாபகம் வந்தது.

"இருக்கு சார். கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"நீ மட்டும் பிடிக்கிற?"

நியாயமான கேள்வி. பதில் இல்லை. பெட்டியை அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் போட்டேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, உள்ளே மூணுதான் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் ஏற்பாடு. ஆசை வந்தால் பற்றவைக்குமுன் மற்றவருக்குப் போன் செய்ய வேண்டும். எத்தனை மணியானாலும் எடுக்க வேண்டும். எடுப்பவர் உபதேசம் செய்யக் கூடாது. அவ்வளவுதான். அந்த வேகம் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தை யாரோடாவது பேசிக் கடத்திவிட்டால் அலை இறங்கிவிடும். அடுத்தது வரும், அதையும் இப்படித்தான்.

ஒரு மாதம் கழித்து எங்கள் தெரு வாட்ச்மேன் அண்ணன் சேர்ந்தார். அவர் பீடி. நிகோடின் சூயிங்கம் வாங்கி நான் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க, மிட்டாய் மெல்லுறீங்க. எங்களுக்கு யாரு சார் சொல்றா?" என்றார். சரியான சூடு. 2016-17ல் மத்திய அரசு எடுத்த புகையிலை சர்வேயில், வயது வந்தவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். நம் பிரசாரமெல்லாம் யாரைப் பார்த்து நடக்கிறது? அந்த சூயிங்கம்மையும் "அதுவும் போதைதானே" என்று கேலி செய்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தாரும் கார்பன் மோனாக்ஸைடும் இல்லாத நிகோடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது வைத்தியம். கால் உடைந்தவன் கட்டையை ஊன்றுவதைப் பார்த்து "இதுவும் ஒரு கால்தானே" என்று சிரிப்பீர்களா?

நண்பர்கள் சேர்ந்தால் நடக்கும் என்பது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்த விவரங்களை வைத்து, நிக்கோலஸ் கிறிஸ்டகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிகரெட்டைத் தனி ஆள் விடுவதில்லை, கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள் என்று கண்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பன் விட்டால் 36 சதவீதம். சின்ன அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் விட்டால் 34. கூடப் பிறந்தவர் விட்டால் 25தான். ரத்த பாசத்தைவிடத் தம் பாசம் பெரிது போலிருக்கிறது.

இன்னொரு கதை. குடியை விட ஒரு குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன்தான் துணை என்று 1935-ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அந்தத் துணையோடு சாகும்வரை குடிக்காமல் இருந்தார். ஆனால் சிகரெட்டை அவரால் ஜெயிக்க முடியவில்லை. 1971-ல் நுரையீரல் நோயில் இறந்தார். குடியை விட்ட அதே மனிதர்தான். அவருக்கா வில் பவர் இல்லை?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2008 அக்டோபர் 2-லிருந்து பொது இடத்தில் புகைக்கத் தடை. 2016-லிருந்து பெட்டியின் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். அதே வருஷம் 1800-11-2356 என்று காசில்லாமல் பேசும் உதவி எண் தொடங்கினார்கள், 2018 செப்டம்பரிலிருந்து பெட்டியிலேயே அச்சடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நம்மூரில் பாதிப் பேர் ஒண்ணு ஒண்ணாக அல்லவா வாங்குகிறார்கள்? கடைக்காரர் பெட்டியிலிருந்து உருவிக் கையில் கொடுக்கிறார். படமும் நம்பரும் கடைக்காரரோடு தங்கிவிடுகின்றன. அதனால்தான் இங்கே எழுதினேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த வயசுல விட்டு என்ன?" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேயர் 1951 முதல் ஐம்பது வருஷம் பிரிட்டிஷ் டாக்டர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்தார். 30 வயதில் விட்டவர்களுக்கு ஆயுளில் சுமார் 10 வருஷம் லாபம், 40-ல் 9, 50-ல் 6, அறுபதில் விட்டாலும் 3. டாலும் ஒரு காலத்தில் புகைத்தவர்தான். தன் ஆராய்ச்சி முடிவைப் பார்த்துப் பயந்து விட்டார். 92 வயது வரை இருந்தார்.

உங்கள் ஆபீஸில், தெருவில், ஏன், வீட்டிலேயே விட்டு நாலு நாளான ஒருவர் இப்போது இருப்பார். முகத்தை உர்ரென்று வைத்திருப்பார், சின்ன விஷயத்துக்குக் கத்துவார். "இதுக்கு நீ பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். மறுபடி பிடித்துவிட்டேன் என்று அவர் வந்து சொன்னால் சிரிக்காதீர்கள். எத்தனை நாள் இருந்தாய் என்று கேளுங்கள். நாற்பது நாள் என்றால் அந்த நாற்பது நாளும் அவர் சம்பாதித்தது. ஒரு தம் அதை அழித்துவிடாது, உங்கள் சிரிப்பு அழித்துவிடும்.

போன வாரம் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மாடி வீட்டுக்காரரிடமிருந்து போன். விட்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகனோடு ஏதோ வாக்குவாதம். என்ன ஏதென்று நான் கேட்கவில்லை. முருங்கைக்காய் ஒன்று இருபது ரூபாய் விற்கிறது என்றேன். எங்க ஊரில் சும்மாவே கொடுப்பார்கள் என்றார். அந்த மரத்தில் கம்பளிப்பூச்சி வந்ததிலிருந்து அவர் அம்மா வைத்த முருங்கைக்கீரைப் பொரியல் வரை போயிற்று. கொட்டாவி விட்டார். "சரி தம்பி, தூங்குறேன்" என்று வைத்துவிட்டார். மணியைப் பார்த்தேன். ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.